எலுமிச்சம்பழத்துக்கு ஒரு சாண் முன்னால்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஓர் எலுமிச்சம்பழத்திடம் தோற்றுப்போனேன்.

அதுவும் தனியாக இல்லை. ரோடு திரும்பும் கோயிலடி முடக்கில், எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்துச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. என் காரின் முன்சக்கரம் அந்தப் பழத்தின் மேல் ஏறிச் சப்பையாக்கிவிட்டு, இன்னும் கொஞ்சத் தூரம் போய், வலது பக்கத் தண்ணீர்க் கானுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

பழத்தில் ஏறினால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கித்தானே கிளம்புகிறோம்? உண்மைதான். ஆனால் அது கிளம்புகிறவர்களுக்கான பழம். எனக்கு வைத்த பரீட்சை வேறு. இறக்கத்தில் வரும் கார் பழத்தின் மேல் ஏறக் கூடாது – அதற்கு முன்னால் நிற்க வேண்டும்.

பரீட்சை வைத்தவள் என் மனைவி வசந்தா. தோற்றால் கார் கைமாறிவிடும்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் வரலாறு தெரியும். ஏழாம் வகுப்போடு புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டுப் புறப்பட்டவன். லொறியில் கிளீனர். குருவிட்டவில் மாணிக்கக் குழிக்குத் தண்ணீர் இறைக்கும் வேலை. கொழும்பில் ஒரு கராஜ், கட்டாரில் இன்னொரு கராஜ். சாப்பாடு கிடைத்த இடத்தில் சாப்பிட்டேன், கிடைக்காத இடத்தில் தூங்கினேன். அதிலெல்லாம் இன்றைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்படிப்பட்டவன் கையில் ஸ்போர்ட்ஸ் கார் எப்படி வந்தது?

வெள்ளத்தில் வந்தது. இரத்தினபுரியில் ஒரு பெரிய வீட்டு முற்றத்தில் நின்ற பழைய ஜப்பான் கார் அது. இரண்டே சீட், துணிக் கூரை, தரையோடு தரையாக உயரம். ஆறு பெருகிய வருடம் அது தலைமுழுகிப் போனது. சேறு வற்றிய பிறகு அதைப் பார்க்கவே சொந்தக்காரருக்குப் பிடிக்கவில்லை. முற்றத்தைக் கழுவப் போன என்னிடம், “இதையும் இழுத்துக்கொண்டு போ” என்றார். இழுத்துக்கொண்டு வந்தேன். சேறு கழுவி, வயர் எல்லாம் மாற்றி, இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து... ஒரு நாள் அது உறுமியது.

லயத்தில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். “எவ்வளவு ஸ்பீட் போகும்?”

நிற்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வசந்தாவுக்கு அந்தக் கார் மேல் முதலிலிருந்தே ஒரு வழக்கு உண்டு. எங்கள் லயக் காம்பராவின் கூரைத் தகரத்தில் ஓட்டை. மழை வந்தால் சட்டி வைக்க வேண்டும். வீட்டிலிருந்த ஒரே தார்ப்பாய் காருக்குப் போர்த்தியிருக்கும். “அது நனையக் கூடாது, நான் நனையலாம்!” என்பாள். நியாயமான வழக்கு. தீர்ப்பு மட்டும் வராமல் இழுபட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அந்தச் சந்தை நாள் வந்தது.

நிவித்திகல சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பினோம். மெயின் ரோட்டிலிருந்து மேடு ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால்தான் எங்கள் லயம். இறக்கம் என்றால் சாதாரண இறக்கம் இல்லை. கொங்கிரீட் ரோட், ஒரு பக்கம் ரப்பர் மலை, மறு பக்கம் பள்ளம், முடிவில் கோயிலடி முடக்கு. பாதி இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். கால் உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. சின்ன டிஸ்க், பழைய பிரேக் ஆயில். சூட்டில் ஆயில் கொதித்துவிட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கடைசியில் மண் திட்டில் பக்கவாட்டை உரசவிட்டு நிறுத்தினேன்.

எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. தக்காளிக்குத்தான் சேதம். அது ரோட்டில் உருண்டு எங்களுக்கு முன்பே கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

வசந்தா இறங்கினாள். உருண்ட தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ரொட்டி சுட்டுத் தட்டில் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“இங்க பாருங்க. நீங்க எந்த ஊருலயும் நின்னதில்ல. சரி, அது ஒங்க சுபாவம். ஆனா நான் ஒக்காந்திருக்கிற வண்டி நிக்கணும்.”

“செஞ்சிரலாம் புள்ள.”

“என்னாத்த செய்வீங்க? குருவிட்ட மாத்தையா மகனுக்குக் கார வெலைக்கு வேணும்னு எத்தன தரம் கேட்டுட்டாரு. மாசக் கடைசி ஞாயித்துக்கிழம பின்னேரம் வரச் சொல்லிட்டேன்.”

“அதுக்குள்ள செஞ்சிட்டேன்னா?”

அவள் ரொட்டித் தட்டை என் பக்கம் தள்ளினாள். “கோயிலடி முடக்குல ஒரு எலுமிச்சம்பழம் வெப்பேன். மேலேருந்து வாங்க. பழத்துல ஏறாம முன்னுக்கு நிப்பாட்டிக் காட்டுங்க. மொத தனியா. அப்புறம் நான் ஒக்காந்து பாக்குறேன். ஏறிட்டீங்க... சாவிய மாத்தையாகிட்ட குடுத்துரணும்.”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய பிரேக் வேண்டுமென்றால் வெளிநாட்டில் ஒரு முழு செட்டாகவே பெட்டியில் வருமாம். என் காசுக்கு அது கடைசி வரை வராது. பழைய சாமான் யார்டில், இடிபட்டுக் கிடந்த ஒரு பெரிய காரின் முன் பிரேக்கை முழுதாகக் கழற்றி வந்தேன் – அகலமான டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் பெரிய கேலிப்பர், சக்கரங்கள் உட்பட. ஒரே ஒரு பிரச்சினை. அந்தக் கேலிப்பரின் போல்ட் துளைக்கும் என் காரின் துளைக்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் ஒரு இரும்புப் பிராக்கெட் செய்து இரண்டையும் கட்டிவைக்க வேண்டும்.

பிஸ்கட் பெட்டி அட்டையில் அளவு வெட்டி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி இரத்தினபுரிக்குப் போனேன். அங்கே பியதாச பாஸ் லேத் வைத்திருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“பிஸ்ஸுத மல்லி?”

பைத்தியமா தம்பி என்கிறார். மற்றதும் சிங்களத்தில்தான் சொன்னார், நான் தமிழில் தருகிறேன்.

“கேட் செய்யச் சொல்லு, செய்யிறேன். கேட் ஒடஞ்சா மாடுதான் உள்ள வரும். பிரேக் ஒடஞ்சா பொலிஸ் வரும்.”

“ஒடையாத மாதிரி செஞ்சு தாங்க பாஸ்.”

“யார் ஏறப் போறது?”

“என் பொண்டாட்டி.”

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். துளைக்கும் ஓரத்துக்கும் நடுவில் இடம் போதாது என்று திருப்பி அனுப்பினார். மறுபடியும் வெட்டிக்கொண்டு போனேன். டிஸ்க்குக்கு நடுவில் கேலிப்பர் வரவில்லை என்று மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் போனேன். தோட்டத்து இடிந்த ஸ்டோரில் கிடந்த கனத்த தகடொன்றைத் தூக்கிக்கொண்டு போனபோது, “இது என்ன இரும்புன்னு ஒனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. கொண்டு போ” என்றார். கடைசியில் அவரே புதுத் தகடு வாங்கி வெட்டினார். வெல்டிங் ஒரு பொட்டுக்கூட இல்லை, போல்ட் மட்டும்.

பஸ்ஸில் அந்த இரண்டு பிராக்கெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, “என்ன தம்பி, தராசுப் படியா?” என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன்.

மாட்டுவது இன்னொரு கதை. புதுக் கேலிப்பருக்கும் சக்கரத்தின் கம்பிக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. மெத்தென்ற எதையாவது கேலிப்பரில் ஒட்டி, சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பார்த்தால், எங்கே நசுங்கியிருக்கிறது என்று தெரியும். கட்டாரில் இதற்குக் களிமண் மாதிரி ஒன்று வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் ரொட்டிக்குப் பிசைந்த மாவு இருந்தது.

“மாவ எங்க?” என்று வசந்தா தேடிக்கொண்டு வெளியே வந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“வீலுக்கு ரொட்டி ஊட்டுறீங்களா?”

“அளவு பாக்குறேன் புள்ள.”

“அப்ப ராத்திரிக்கு டயர சுட்டுத் தாரேன், தின்னுங்க.”

மாவு நசுங்கியிருந்தது, ஆனால் அறுந்துபோகவில்லை. இடம் இருக்கிறது! அன்றைய ரொட்டி கொஞ்சம் குறைவு. கிரீஸ் வாசனை கொஞ்சம் கூட.

அடுத்து, பிரேக் ஆயில் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றும் வேலை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் சின்ன நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மிதிக்க வந்தவன் அடுத்த காம்பரா சந்திரன். த்ரீவீல் ஓட்டுகிறவன், வாயும் ஓட்டுகிறவன். அமத்து, புடி, விடு... அமத்து, புடி, விடு. ஒரு போத்தல் ஆயில் போனது. பெடல் மட்டும் இறுகவில்லை.

“ராஜு அண்ணே, இது பிரேக்கா, ஜெலியா?”

படுத்தபடியே நிப்பிளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. இடது கேலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன்! நிப்பிள் மேலே இருக்க வேண்டும், கீழே இருக்கிறது. காற்று மேலே ஏறுகிற சாமான். அது கீழ் வாசலால் எப்படி வெளியே வரும்?

“நல்லவேள அண்ணே, ஸ்டியரிங்க டிக்கில மாட்டல” என்றான் சந்திரன்.

கழற்றி, மாற்றி மாட்டி, மறுபடியும் அமத்து, புடி, விடு. பெடல் கல்லு மாதிரி நின்றது.

சனிக்கிழமை முழுவதும் நிவித்திகல பக்கத்துச் சமதரை ரோட்டில் ஓட்டி ஓட்டி நிறுத்தினேன். டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் புது பிரேக் பேட்களை அதோடு பழக்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு தடவையும் கார் சொன்ன இடத்தில் நின்றது. பின்னால் ஒரு ஆளும் இல்லாத சமயம் பார்த்து, சும்மாவே ஒரு தடவை நிறுத்தினேன். ஆசைதான்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை. வசந்தா முடக்கில் ரோட்டின் நட்டநடுவில் பழத்தை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கோயில் படியில் நின்றாள். நான் மேலிருந்து வந்தேன். மிதித்தேன்.

கார் வலது பக்கம் வெடுக்கென்று இழுத்தது. நேராக வந்திருந்தால் பழம் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் தப்பியிருக்கும். இழுத்த இழுப்பில் இடது சக்கரம் சரியாக அதன் மேல் ஏறியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் நீங்கள் முதலிலேயே வாசித்தது – கான், மூக்கு, சனம்.

“சகுனம் நல்லாருக்கு, மாத்தையாவ இப்பவே வரச் சொல்லலாம்” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். வசந்தா சிரிக்கவில்லை. அவள் முகத்தில் எனக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று இருந்தது.

காரைத் தூக்கி ரோட்டில் விட்டோம். நேற்று நின்ற கார் இன்றைக்கு ஏன் நிற்கவில்லை? வலது பக்கம் இழுக்கிறது என்றால் இடது பக்கம் பிடிக்கவில்லை. ராத்திரிக்குள் இடது பக்கத்துக்கு என்ன வந்தது?

ஜாக்கி வைத்து இடது சக்கரத்தைக் கழற்றினேன்.

டிஸ்க் மினுமினுத்தது. தொட்டால் விரலில் எண்ணெய். பேட் ஓரமெல்லாம் சிவப்பு... மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். நல்லெண்ணெய். குங்குமம். கொஞ்சம் சந்தனமும்.

தலையைத் தூக்கினேன். சந்திரன் வானத்தைப் பார்த்தான். வசந்தா தரையைப் பார்த்தாள்.

“நீயா?”

“விடியக்காலம பாத்தேன். பளபளன்னு இருந்த தட்டு முழுக்கத் துரு புடிச்சிருந்திச்சு. பனியில நனஞ்சிருச்சின்னு நெனச்சேன்.”

“அதுக்கு?”

“எங்க கத்திக்கு எண்ண போடாட்டி துரு புடிக்குமா புடிக்காதா? அதான் எண்ணத் துணியால நல்லா தொடச்சேன். தொடச்சா சாமி தட்டு மாதிரியே இருந்திச்சு. ஒரு பொட்டு வெச்சேன்.”

வசந்தா ரப்பரில் பால் வெட்டுகிறவள். வெட்டுக் கத்தியைத் துடைத்து எண்ணெய் பூசாமல் அவள் ஒரு நாளும் படுத்ததில்லை. பிரேக் டிஸ்க்கில் விடியற்காலையில் ஏறும் துரு முதல் மிதியிலேயே போய்விடும் என்று அவளுக்கு யார் சொன்னது? உலகத்தில் எண்ணெயே படக் கூடாத ஒரே இரும்பு அதுதான் என்று நானாவது சொல்லியிருக்கிறேனா?

எனக்குக் கோபம் வந்தது உண்மை. வாய் வரை வந்தது. ஆனால் வேறு ஒரு கேள்வி முந்திக்கொண்டது.

“ஏன் இந்தப் பக்கம் மட்டும்?”

“அந்தப் பக்கமும் போடத்தான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க எந்திரிச்சிட்டீங்க.” முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே, “மொத நான் ஒக்கார்ற பக்கம்னு ஆரம்பிச்சேன்” என்றாள்.

“நான் ஒக்கார்ற பக்கம்...”

மாத்தையாவை வரச் சொன்ன அதே வசந்தாதான், ஒருவரும் எழும்புவதற்கு முன்னால் சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டு எண்ணெய் பூசியிருக்கிறாள். விற்கப் போகிற காருக்கு யாராவது துரு துடைப்பார்களா?

“பேட் ஊறிருச்சு. இத நம்ப முடியாது” என்றேன்.

“அப்ப முடிஞ்சிச்சா?”

“பின்னேரம்தானே மாத்தையா வாரார்? இன்னும் பொழுது கெடக்கு.”

அவள் சுடுதண்ணீர் வைத்தாள். சவர்க்காரம் போட்டு டிஸ்க்கைத் தேய்த்தேன், பெட்ரோலால் துடைத்தேன், மணல் தாளால் உரசினேன், மறுபடியும் துடைத்தேன். யார்டிலிருந்து கேலிப்பரோடு வந்த பழைய பேட் செட் ஒரு டின்னில் கிடந்தது. பாதி தேய்ந்ததுதான், ஆனால் எண்ணெய் குடிக்காதது. இரண்டு பக்கமும் அதையே போட்டேன். சந்திரன் த்ரீவீலில் முன்னால் போய் வழிவிட, கீழ் ரோட்டில் மறுபடியும் ஓட்டி ஓட்டி நிறுத்திப் பழக்கினேன். இழுக்கவில்லை. நேராக நின்றது. மறுபடியும். மறுபடியும். மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இரத்தினபுரிப் பக்கத்து மழை கேட்டுக்கொண்டா வரும்?

திரும்பி வந்தபோது வசந்தா காம்பரா வாசலில் புதுப் பழத்தோடு நின்றாள்.

“தனியா ஓட்டிக் காட்டவா?”

“தேவயில்ல” என்று சொல்லி, இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பழத்தைச் சந்திரனிடம் நீட்டினாள். “கோயிலடிக்கு வேணாம். கொஞ்சம் மேல, இறக்கம் கூடின எடத்துல வெய்யி. நடுவுல இல்ல. என் பக்கத்து வீலுக்கு நேரா.”

“அக்கா, காலையில வெச்ச எடமே போதுமே...”

“வெய்யிடா!”

மேலே போய்த் திருப்பினேன். அவள் பெல்ட்டைப் போட்டாள். ஒரு கை கதவில், ஒரு கை மடியில். இறங்க ஆரம்பித்தோம். ரப்பர் மரங்கள் பின்னால் ஓடின. தக்காளி உருண்ட இடம் தாண்டியது. பழம் தெரிந்தது – கொங்கிரீட்டில் ஒரு மஞ்சள் புள்ளி. அவள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

மிதித்தேன்.

பெல்ட் இரண்டு பேரையும் பிடித்து நிறுத்தியது. கார் மூக்கைக் கீழே குத்தியது. நின்றது. சத்தமெல்லாம் அடங்கி, சூடான இரும்பு டிக் டிக் என்பது மட்டும் கேட்டது. முன்னால் பானட் மட்டும்தான் தெரிந்தது, பழம் தெரியவில்லை.

“இருக்கா?” என்று கத்தினேன்.

சந்திரன் ரோட்டில் முழங்காலிட்டான். “முழுசா இருக்கு!”

வசந்தா அதை நம்பவில்லை. இறங்கி, குனிந்து, டயருக்கும் பழத்துக்கும் நடுவில் தன் கையை விரித்து வைத்தாள். ஒரு சாண். சரியாக ஒரு சாண். பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் வந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. “ம், போங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து சேரும்போது போன் அடித்தது. குருவிட்ட மாத்தையா. புறப்படவா என்று கேட்கிறார். வசந்தாதான் எடுத்தாள். சிங்களத்தில் என்னைவிட நன்றாகவே சண்டை பிடிப்பாள், ஆனால் அன்றைக்கு மரியாதையாகப் பேசினாள். கார் விற்பதில்லை என்றாள். ஏன், ரிப்பேரா, நிற்கிறதில்லையா என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

“நிக்குது மாத்தையா. அதான் விக்கல.”

இத்தனை வருடமாக நான் போன ஊர்களை எண்ணிப் பார்க்கிறேன். போவதற்கு ஒன்றுமே தேவைப்பட்டதில்லை. ஒரு பை, ஒரு பஸ். நிற்பதற்குத்தான் இவ்வளவு சாமான் வேண்டியிருக்கிறது – பிஸ்கட் பெட்டி அட்டை, பியதாச பாஸின் புதுத் தகடு, ரொட்டி மாவு, சந்திரனின் கால், அவனுடைய வாய்... பக்கத்து சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார ஓர் ஆள்.

அந்தப் பழம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அன்று ராத்திரி மிளகாய் இடித்த கட்டச் சம்பலில் பிழிந்தாள். ரொட்டிக்கு மாவும் குறையவில்லை. வெளியே மழை கொட்டியது. தார்ப்பாய் கூரைமேல் ஏறியிருந்தது. கார் நனைந்தது. நனையட்டும்.

வெள்ளிக்கிழமை காருக்குப் பொட்டும் வைத்தாள் – கண்ணாடியில் மட்டும்.